கலிஃபோர்னியப் பழத்தோட்டத்திலிருந்து வந்த ஆதி தர்மம்

டிசம்பர் பிறந்தால் நம் நாட்காட்டி கனத்துப் போகிறது. 6ஆம் தேதி அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். 24ஆம் தேதி பெரியாரின் நினைவு நாள். 25ஆம் தேதிக்கு இரண்டு நினைவுகள். 1927-ல் மஹாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது அன்றுதான். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதும் அன்றுதான். இந்த வரிசையில் இன்னும் இரண்டு டிசம்பர்களைச் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். ஒன்று 1913 டிசம்பர் 31. இடம் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரம். இன்னொன்று 1925 டிசம்பர். இடம் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்திலுள்ள முகோவால் என்ற கிராமம். இரண்டுக்கும் நடுவே இருப்பது பழத்தோட்டம். பீச்சும் திராட்சையும் ப்ளம்மும் விளையும் கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கு, அதில் கூலியாகவும் குத்தகையாளராகவும் இருந்த பஞ்சாபிகள், அவர்களுக்குள்ளேயே இருந்த சாதி.

கதர் கட்சியின் வரலாற்றைத் தமிழில் எழுதியவர்கள் உண்டு. லாலா ஹர்தயாள், சோஹன் சிங் பக்னா, கர்தார் சிங் சராபா ஆகிய பெயர்களை நம் தோழர்கள் பலரும் அறிவார்கள். அதே கட்சியில் இருந்த சமார் சாதி இளைஞர் மங்கு ராமை எத்தனை பேர் அறிவார்கள்? வட இந்தியாவில் அம்பேத்கருக்கு முன்பே, அவருக்கு இணையாக, ஒரு மாபெரும் மக்கள் இயக்கத்தைக் கட்டிய மனிதர் அவர். தேசிய வரலாறு அவரைக் கதர் வீரர்களின் பட்டியலில் கடைசியில் போட்டது. இடதுசாரி வரலாறும் அதைத்தான் செய்தது. அவரைப் பற்றி விரிவாக எழுத மார்க் யுர்கன்ஸ்மெயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வர வேண்டியிருந்தது. அந்த நூல் வெளியானது 1982-ல்.

முதலில் அந்தத் தோட்டங்களைப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சில ஆயிரம் ஆண்கள் போனார்கள். பெரும்பாலோர் ஜாட் சீக்கியர்கள். பலர் பிரிட்டிஷ் இராணுவத்திலோ கீழை நாடுகளின் காவல்துறையிலோ வேலை பார்த்தவர்கள். மர அறுவை ஆலைகளிலும் இரயில் பாதைகளிலும் தொடங்கினார்கள். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் வெள்ளையர் கும்பல் அவர்களை அடித்து விரட்டியது. 1908 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் லைவ் ஓக் என்ற ஊரிலும் அதே கதை. வந்தவர்கள் இந்துவோ முஸ்லிமோ சீக்கியரோ, அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு எல்லாரும் ‘ஹிந்து’தான். ‘நாங்கள் இந்துக்கள் அல்ல’ என்று பிற்காலத்தில் அரசாங்கத்திடமே எழுதி வாங்கப்போகும் மங்கு ராமும் அங்கே ‘ஹிந்து’ என்றே அழைக்கப்பட்டிருப்பார். வரலாறு சில நேரம் இப்படியும் கிண்டல் செய்யும்.

ஆலையிலிருந்து விரட்டப்பட்டவர்களை நிலம் இழுத்தது. வடக்கே சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு, தெற்கே சான் வாக்கின் பள்ளத்தாக்கு, இன்னும் தெற்கே பாலைவனத்தில் கால்வாய் வெட்டி உருவாக்கிய இம்பீரியல் பள்ளத்தாக்கு. ஃபிரெஸ்னோவைச் சுற்றி உலர்திராட்சை; ஆகஸ்டு, செப்டம்பரில் கொடிக்கு இடையே மண்ணில் தட்டு விரித்துக் குலைகளை வெயிலில் காய வைப்பார்கள். யூபா சிட்டி, மேரிஸ்வில் பக்கம் பீச்சும் ப்ளம்மும். ஒரே ஊரிலிருந்தோ ஒரே பகுதியிலிருந்தோ வந்தவர்கள் பத்து, இருபது பேராகச் சேர்ந்து ஒரு கூட்டம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த ஒருவர் மேஸ்திரி. தோட்டக்காரரிடம் கூலி பேசுவது அவர் வேலை. கொட்டகையில் படுக்கை, பொதுச் சமையல். ஒரு பழம் முடிந்தால் அடுத்த பழம் விளையும் ஊருக்கு நடை.

ஆண்டின் கடைசி அந்த வாழ்க்கையில் தனிக் காலம். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும் நேரம் அது. பீச் மரம் இலை உதிர்த்து உறங்கும். அடுத்த ஆண்டு காய்க்க வேண்டுமானால் அதற்குப் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். அந்த உறக்கத்தில்தான் கவாத்து. பனிமூட்டம் பள்ளத்தாக்கை நாள்கணக்கில் மூடிக்கொள்ளும். கவாத்துக்குத் தேவைப்படும் ஆட்கள் பழம் பறிப்பதற்குத் தேவைப்படுவதில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு வேலை இருக்காது. கையில் கொஞ்சம் காசும் நிறைய நேரமும் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்புவது, கடிதம் எழுதச் சொல்லி எழுத்தறிந்தவனைச் சுற்றி உட்கார்வது, 1912-ல் உருவான ஸ்டாக்டன் குருத்வாராவுக்குப் போவது என்று குளிர்காலம் கழியும். அரசியல் பேசவும் அதுவே காலம். நம் ஊரில் தை அறுவடைக்குப் பிறகு மாநாடு போடுவதில்லையா, அது போலத்தான்.

அப்படி ஒரு நாள்தான் 1913 டிசம்பர் 31. அந்த ஆண்டில்தான் கட்சி உருவாகியிருந்தது. நவம்பர் 1-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ‘கதர்’ இதழ் உருதுவில் வெளிவரத் தொடங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் சாக்ரமெண்டோவில் பெருங்கூட்டம். ஜெர்மனி இங்கிலாந்தோடு போருக்குத் தயாராகிறது, நாட்டுக்குத் திரும்பும் நேரம் வந்துவிட்டது என்று ஹர்தயாள் பேசியதாகப் பின்னாளில் ரௌலட் குழு அறிக்கை பதிவு செய்தது. மேடையில் ஜெர்மன் தூதரக அதிகாரியும் இருந்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பழம் பறித்தவர்களும் உருளைக்கிழங்கு தோண்டியவர்களும். கதர் கட்சிக்குப் பணம் வந்ததும் இவர்கள் கூலியிலிருந்துதான். ‘உருளைக்கிழங்கு ராஜா’ என்று பெயர் பெற்ற ஜ்வாலா சிங் போன்ற பெரிய குத்தகையாளர்களும் கொடுத்தார்கள். படித்தவர்கள் பேசினார்கள், உழைத்தவர்கள் கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு அந்த ஆண்டின் இன்னொரு நிகழ்வும் காரணம். 1913-ல் கலிஃபோர்னியா ‘அந்நியர் நிலச் சட்டம்’ கொண்டுவந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. குத்தகையும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. ஜப்பானியர்களைக் குறிவைத்த சட்டம். 1920-ல் வாக்கெடுப்பு நடத்தி அந்தக் குத்தகை உரிமையையும் பிடுங்கினார்கள். உழுதவன் கையில் நிலம் இருக்கக் கூடாது என்பதைப் பிறப்பைக் காட்டி எழுதிய சட்டம் அது.

இந்தச் சட்டத்தைக் கண்டு கொதித்த ஜாட் விவசாயிகளின் சொந்த மாநிலத்தில் அப்போது என்ன சட்டம் இருந்தது? 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம். வட்டிக்கடைக்காரர்களிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அதற்கு அது கண்டுபிடித்த வழி, ‘விவசாயப் பழங்குடிகள்’ என்று சில சாதிகளைப் பட்டியலிட்டு, அந்தச் சாதிகளுக்கு வெளியே நிலம் கைமாறாமல் தடுப்பது. ஜாட் பட்டியலில் உண்டு. ராஜ்புத் உண்டு. நிலத்தில் காலங்காலமாக உழைத்த சமார், சூஹ்ரா சாதியினர் பட்டியலில் இல்லை. அவர்கள் ‘கமீன்’, ஊருக்கு ஊழியம் செய்யப் பிறந்தவர்கள். பணமே இருந்தாலும் நிலம் வாங்கச் சட்டம் விடாது. குடியிருக்கும் வீட்டின் அடிமனைகூட நிலவுடைமையாளருக்குச் சொந்தம் என்பதே ஊர் வழக்கம்.

பசிபிக் பெருங்கடலின் இரண்டு பக்கமும் பிறப்பைக் காட்டி நிலத்தை மறுக்கும் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்றால் அடிபட்டவர்களே மற்றொன்றால் பயன் பெற்றவர்கள். கதர் இலக்கியம் முதல் சட்டத்தைப் பற்றி நெருப்பாகப் பேசியது. இரண்டாவதைப் பற்றிப் பேச ஒரு சமார் வர வேண்டியிருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்து, 1892-ல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலம் என்ற ஒன்று நம் கைக்கு வந்ததும் பிறகு நம் கையை விட்டுப் போனதும் நம் சொந்தக் கதை. மதராஸில் கொடுத்துப் பிடுங்கினார்கள். பஞ்சாபில் கொடுக்கவே இல்லை, கேட்கவும் முடியாதபடி சட்டமே போட்டார்கள்.

மங்கு ராம் 1886 ஜனவரி 14 அன்று முகோவாலில் பிறந்தார். தந்தை ஹர்நாம் தாஸ் தோல் பதனிடுவதிலிருந்து தோல் வியாபாரத்துக்கு மாற முயன்றவர். வியாபாரத்துக்கான ஆணைகள் ஆங்கிலத்தில் வரும். அதைப் படித்துச் சொல்ல ஊரில் மேல்சாதிக்காரரிடம்தான் போக வேண்டும். படித்துச் சொன்னதற்குக் கூலி, ஒரு நாள் முழுக்க அவர்களுக்கு உடலுழைப்பு. ஒரு கடிதத்துக்கு ஒரு நாள்! மகன் படித்தே ஆக வேண்டும் என்று அந்தத் தகப்பன் முடிவெடுத்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

படித்த பள்ளிகளில் பெரும்பாலும் அவர் ஒருவரே தீண்டப்படாத மாணவர். பஜ்வாரா பள்ளியில் கட்டிடத்துக்கு வெளியே நின்று சன்னல் வழியாகப் பாடம் கேட்டார். ஒருநாள் ஆலங்கட்டி மழைக்குப் பயந்து உள்ளே நுழைந்துவிட்டார். பார்ப்பன ஆசிரியர் அவரை அடித்தார், அதோடு விடவில்லை. சிறுவன் உள்ளே வந்ததால் ‘தீட்டுப்பட்ட’ மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டு மழையில் கழுவ விட்டார். சதாராவில் சாக்குத் துணியில் உட்கார்ந்து படித்த இன்னொரு சிறுவன் அப்போது உயர்நிலைப் பள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்தான். இவர்கள் இருவரும் பின்னாளில் ஒரே பக்கத்தில் நிற்பார்கள்.

1909-ல் ஊரின் ஜாட் இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது தானும் போகிறேன் என்று தந்தையைச் சம்மதிக்க வைத்தார். ஃபிரெஸ்னோ பக்கம், சான் வாக்கின் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பழம் பறித்தார். யாருடைய தோட்டத்தில்? பஞ்சாபிலிருந்து வந்து அங்கே நிலைபெற்றிருந்த ஒரு ஜமீன்தாரின் தோட்டத்தில். கடல் தாண்டினாலும் உழைப்பு வாங்குபவரும் உழைப்பவரும் மாறவில்லை. மாறியது வேறு. ஜமீன்தாரும் கூலியும் தெருவில் இறங்கினால் வெள்ளையனுக்கு இருவரும் ஒன்றுதான். வாரக் கூலி பணமாகக் கையில் வந்தது. கிணற்றடியில் ஒதுங்கி நிற்கச் சொல்ல அங்கே ஊர் வழக்கம் இல்லை. அப்படி ஒரு வாழ்க்கை சாத்தியம் என்பதை உடம்பால் அறிந்த பிறகு ஒரு மனிதன் பழைய மனிதனாக இருக்க முடியாது. அமெரிக்காவைச் சமத்துவ சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதே ஆண்டுகளில் அதன் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் மரங்களில் தூக்கிலிடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கொடுமையின் கணக்கில் மங்கு ராமின் பெயர் ஏறவில்லை, இன்னொன்றின் கணக்கிலிருந்து தற்காலிகமாகத் தப்பியிருந்தார், அவ்வளவே.

1913-ல் கதரில் சேர்ந்தார். அந்தக் கட்சிக்குள் தன்னைச் சமமாக நடத்தினார்கள் என்று பிற்காலத்தில் அவரே மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அதை நாங்கள் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சாகத் துணிந்தவர்களின் கூட்டத்தில் சாதி கொஞ்சம் பின்வாங்கும். 1915-ல் இந்தியாவுக்கு ஆயுதம் கடத்தும் திட்டத்துக்கு ‘மேவரிக்’ என்ற கப்பலில் ஐந்து பேரை அனுப்பினார்கள். அந்த ஐவரில் ஒருவர் மங்கு ராம். ‘ஆனி லார்சன்’ என்ற பாய்மரக் கப்பலிலிருந்து ஆயுதங்களை மேவரிக் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு கப்பல்களும் சந்திக்கவே இல்லை. திட்டம் உடைந்தது. பிடிபட்டு, மரண தண்டனையிலிருந்து தப்பி, பிலிப்பைன்ஸில் ஒளிந்து வாழ்ந்தார். ஊரில் அவர் தூக்கிலிடப்பட்டதாகச் செய்தி பரவியது. அவருடைய மனைவியை வழக்கப்படி அண்ணனுக்கு மணமுடித்து வைத்தார்கள்.

1925-ல் திரும்பினார். பிலிப்பைன்ஸிலிருந்து இலங்கைக்குக் கப்பல். அங்கிருந்து மதுரை, மதராஸ், பம்பாய், பூனா, நாக்பூர், டெல்லி என்று நாட்டைக் குறுக்கே கடந்து பஞ்சாப். மதுரை என்ற பெயரைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்கிறது. மீனாட்சி கோயில் நம் மக்களுக்குத் திறந்தது 1939 ஜூலையில்தான். கலிஃபோர்னியாவில் நிமிர்ந்து நடந்த மனிதருக்கு, 16 ஆண்டுக்குப் பிறகு, தாய்நாடு முதலில் காட்டிய ஊர்களில் ஒன்று நம் ஊர். அதைக் காட்டிய விதம் பற்றி நாம் பெருமைப்பட எதுவும் இல்லை.

டிசம்பரில் முகோவால் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் உயர்வு தாழ்வே மறந்துபோயிருந்தது, வந்து பார்த்தால் விட்டுச் சென்ற நோய் அப்படியே இருந்தது என்பதே பின்னாளில் அவர் சொன்னதன் சாரம். இந்த நோய் தீராமல் இந்தியாவுக்கு விடுதலை இல்லை என்று ஹர்தயாளுக்குக் கடிதம் எழுதினார். கதர் வீரர் பலர் சிறையிலிருந்து வந்ததும் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார்கள், அகாலி இயக்கத்துக்குப் போனார்கள். மங்கு ராம் சேரிக்குப் போனார். முதலில் செய்த வேலை, தீண்டப்படாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. ஊர் நிலவுடைமையாளர் ஒருவரின் தோட்டத்தில் அது தொடங்கியது. சன்னலுக்கு வெளியே நின்று படித்தவன் கட்டிய பள்ளியில் சன்னலுக்கு வெளியே யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

1926 ஜூன் 11, 12 தேதிகளில் முகோவாலில் மாநாடு. வசந்த் ராய், தாக்கூர் சந்த், சுவாமி சூத்ரானந்த் ஆகியோர் ஏற்கெனவே இந்தச் சிந்தனையில் இருந்தவர்கள். ஆரிய சமாஜத்தின் ‘சுத்தி’ சடங்கைப் பார்த்துச் சலித்தவர்களும் அவர்களில் உண்டு. மாநாட்டில் ஆத் தர்ம மண்டல் உருவானது. மங்கு ராம் தலைவர். ‘ஆத்’ என்றால் ஆதி. இந்த மண்ணின் ஆதிக்குடி நாங்கள், எங்கள் தர்மம் இந்துவோ முஸ்லிமோ சீக்கியரோ அல்ல, அவற்றுக்கு முந்தியது என்பது கொள்கை. ரவிதாஸ், வால்மீகி, கபீர், நாம்தேவ் ஆகியோர் குருமார். சிவப்பு நிறம். ‘ஜெய் குருதேவ்’ என்றால் ‘தன் குருதேவ்’ என்று பதில். ஆதிதிராவிடர் என்ற பெயருக்காகப் போராடி, 1922-ல் மதராஸ் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்து வென்ற மக்களுக்கு இந்தச் சொல்லின் அழுத்தம் புரியும். அதற்கும் முன்பே பண்டிதர் அயோத்திதாசர் பூர்வபௌத்தம் பேசியதும் நினைவுக்கு வரும். தொடர்பே இல்லாத இரண்டு மூலைகளில் ஒரே விடையை அடைந்தார்கள் என்றால், இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றாக இருந்தது என்றுதான் அர்த்தம்.

ஆத் தர்மிகளின் போராட்டம் சாமிக்கு மட்டும் அல்ல, நிலத்துக்கும்தான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நில உரிமை மாற்றச் சட்டத்தை நீக்கு, கட்டாய ஊழியத்தை ஒழி, அரசு நிலத்தில் பங்கு கொடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு என்று கேட்டார்கள். சான் வாக்கின் தோட்டத்தில் நான்கு ஆண்டுகள் மற்றவரின் மரத்தில் பழம் பறித்தவருக்கு, நிலமில்லாதவனின் சமத்துவம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாதா?

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அரசு ஆத் தர்மத்தைத் தனி மதமாகப் பதிய ஒப்புக்கொண்டது. இந்து என்று எழுது, சீக்கியன் என்று எழுது என்று நாலாப் பக்கமும் நெருக்கினார்கள். ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். வயலுக்குள் கால் வைக்காதே என்றார்கள்; மேய்ச்சலுக்கும் காலைக்கடனுக்கும்கூட நிலம் இல்லாத மக்களுக்கு அது என்ன தண்டனை என்பதைச் சேரியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அத்தனைக்கும் பிறகு 4,18,789 பேர் ஆத் தர்மி என்று பதிந்தார்கள். வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் தீண்டப்படாதோரின் தலைவர் காந்தியா அம்பேத்கரா என்ற கேள்வி எழுந்தபோது, அம்பேத்கரே எங்கள் தலைவர் என்று லண்டனுக்குத் தந்திகள் பறந்தன. பஞ்சாபிலிருந்து பறந்தவற்றின் பின்னால் ஆத் தர்ம மண்டல் இருந்தது. 1937 தேர்தலில் பஞ்சாபின் எட்டுத் தனித் தொகுதிகளில் ஏழு அவர்களுக்கு. 1946-ல் மங்கு ராமே சட்டமன்றம் போனார். அந்த 1900ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது குடியரசு அரசியலமைப்பு வந்த பிறகுதான்.

இனி தோட்டத்துக்குத் திரும்புவோம். மங்கு ராம் விட்டு வந்த பள்ளத்தாக்கில் அவருடைய பழைய முதலாளிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

குடியுரிமைக்காக வழக்காடினார்கள். 1923 பிப்ரவரி 19-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பகத் சிங் திந்த் வழக்கு புகழ்பெற்றது. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்றது அன்றைய சட்டம். இனத்தை வைத்துக் குடியுரிமை வழங்குவது அநீதி என்று திந்த் தரப்பு வாதிடவில்லை. தான் ‘உயர்சாதி இந்து’, தூய ஆரிய இரத்தம், எனவே வெள்ளையர் என்பதே வாதம். இத்தனைக்கும் திந்த் ஒரு சீக்கியர். சாதி இல்லை என்று சொல்லும் மதத்தவர். அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர். தாழ்த்தப்பட்டவனோடு கலக்காத சாதியின் ‘தூய்மை’யை வெள்ளைத் தோலுக்கான சான்றிதழாக நீட்டினார்கள். இதே வாதத்தை வைத்து ஏ.கே. மஜூம்தார் என்ற வங்காளி 1913-ல் குடியுரிமை வாங்கியும் இருந்தார். திந்த் வழக்கில் நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரண மனிதன் ‘வெள்ளையன்’ என்று யாரைச் சொல்வானோ அவனே வெள்ளையன் என்று முடித்தது. மஜூம்தாரின் குடியுரிமையும் பறிபோனது. சாதியை அடகு வைத்து இனத்தை வாங்கப் போனவர்களுக்குக் கடைக்காரன் காட்டிய கதவு அது.

அதன் பிறகு நிலத்தைக் காப்பாற்ற வேறு வழிகள். வெள்ளை நண்பர் பெயரில், வங்கிக்காரர் பெயரில், வழக்கறிஞர் பெயரில் பத்திரம். 1917-ல் புதிய குடியேற்றச் சட்டம் வந்து பஞ்சாபிலிருந்து பெண்களை அழைத்துவர வழியில்லாமல் போனதால் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள், குடிமக்கள். அவர்கள் பெயரில் நிலம். சப்பாத்தியும் டோர்த்தியாவும் ஒரே அடுப்பில் வெந்த அந்தக் குடும்பங்களைப் பற்றி கேரன் லியனார்ட் நல்ல நூல் எழுதியிருக்கிறார். தோல் நிறம் ஒத்துப்போனதால்தான் திருமணப் பதிவு அதிகாரிகள் விட்டார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. சாதி மீறிய திருமணத்துக்கு நம் ஊரில் அரிவாள் எடுக்கும் கூட்டம், கடல் கடந்து மொழியும் மதமும் நாடும் மீறித் திருமணம் செய்து மூன்று தலைமுறை வாழ்ந்ததைப் படித்துப் பார்க்கலாம்.

1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்து இந்தியருக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்ற ஒதுக்கீடும் வந்தது. 1956-ல் இம்பீரியல் பள்ளத்தாக்கு விவசாயி தலீப் சிங் சௌந்த் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்வானார். 1965-க்குப் பிறகு உறவினர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மெக்சிக அம்மாக்களின் பிள்ளைகள் ஓரம் போனார்கள். பஞ்சாபிலிருந்து புதிதாக வந்த திருமண விதிகள் நடுவுக்கு வந்தன. யூபா சிட்டியின் பீச் தோட்டங்களில் பெரும்பகுதி இன்று பஞ்சாபிகளுடையது. ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில், அறுவடை முடிந்து கவாத்து தொடங்கும் முன், அங்கே நடக்கும் நகர் கீர்த்தனுக்கு அமெரிக்கா முழுவதிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள்.

இந்தப் புது அலையில் நம்மவர்களும் வந்தார்கள். வந்த இடத்தில் ரவிதாஸியா மக்கள் ஏன் தனியாகக் குரு ரவிதாஸ் ஆலயங்களைக் கட்ட வேண்டியிருந்தது? கலிஃபோர்னியாவில் பிட்ஸ்பர்க், யூபா சிட்டி, சாக்ரமெண்டோ, ஃபிரெஸ்னோ என்று அவை எழுந்தன. சமபந்தி லங்கர் நடக்கும் குருத்வாரா பக்கத்திலேயே இருந்தும் ஒரு மக்கள் தனக்கென்று ஒரு கூரை தேடுகிறார்கள் என்றால், அந்தப் பந்தியில் பரிமாறப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது. பஞ்சாபில் 2011 கணக்கின்படி மக்கள்தொகையில் ஏறக்குறைய 32 விழுக்காடு பட்டியல் சாதியினர். இந்தியாவிலேயே இதுதான் அதிக விகிதம். அவர்களிடம் இருக்கும் நிலமோ மிகச் சொற்பம். ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தக் கேட்டதற்காகச் சங்ரூர் மாவட்டத்தில் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறார்கள்! நிலத்தோடு கப்பல் ஏறியவனும் நிலமில்லாமல் விமானம் ஏறியவனும் கலிஃபோர்னியாவில் இறங்கும்போது ஒரே எடையில் இறங்குவதில்லை.

மங்கு ராம் 1980 ஏப்ரல் 22 அன்று காலமானார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன், சுதந்திர வெள்ளிவிழாவில், கதர் வீரர் என்ற முறையில் இந்திய அரசு அவருக்குத் தாமிரப் பட்டயமும் ஓய்வூதியமும் கொடுத்தது. ஆத் தர்மத்துக்காக அல்ல. கப்பலில் ஆயுதம் கொண்டுவரப் போனதை அரசால் பாராட்ட முடிந்தது. நான்கு லட்சம் பேரை இந்து இல்லை என்று எழுத வைத்ததைப் பாராட்ட எந்தத் துறையும் இல்லை.

2023-ல் கலிஃபோர்னிய சட்டமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் எஸ்.பி. 403 மசோதாவை நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் ஆயிஷா வஹாப். எதிர்த்தவர்கள் சொன்னவற்றில் ஒன்று, அமெரிக்காவில் சாதியே இல்லை என்பது. ஆளுநர் கெவின் நியூசம் அக்டோபர் 7-ல் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்றார். அதற்கு ஒன்பது நாள் முன்னால், செப்டம்பர் 28 அன்று, ஒரு விவசாய நகரத்தின் நகர்மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தன் விதிகளில் ஒருமனதாகத் தடை செய்திருந்தது. சியாட்டிலுக்கு அடுத்து அமெரிக்காவில் அப்படிச் செய்த இரண்டாவது நகரம் அது. அதன் பெயர் ஃபிரெஸ்னோ. மங்கு ராம் பழம் பறித்த தோட்டங்கள் அந்த ஊரைச் சுற்றித்தான் இருந்தன.